ஷெல்டர்ல இருந்து ஒரு குட்டி நாய வீட்டுக்கு கூட்டிட்டு வாறது எப்படி? நம்ம மலைநாட்டு ஆளுங்களுக்காக

எங்க வீட்டுக்கு சூட்டி வந்து ரெண்டு வருசம் ஆகுது. நாலரை கிலோதான், பாதி பொமரேனியன், மீதி என்னான்னு அதுக்கே தெரியாது. கண்டிப் பக்கம் ஒரு ஷெல்டர்ல (வீடில்லாத நாய்ங்கள வச்சு பாக்குற எடம்) இருந்து எடுத்துட்டு வந்தோம். அத பாத்துட்டு டவுன்லயும் தோட்டத்துலயும் நாலஞ்சு பேர் நாங்களும் ஒண்ணு எடுக்கணும் எப்படின்னு கேட்டு, ஒவ்வொருத்தருக்கும் வாய்ஸ் மெசேஜ் போட்டே தொண்ட காஞ்சு போச்சு, அதான் மொத்தமா எழுதிர்றேன்.

குட்டி நாய்னா (உருவத்துல சின்ன நாயத்தான் சொல்றேன்) வேலையும் குட்டிதான்னு மட்டும் நெனச்சிராதீங்க. நம்ம ஊரு குளிர், மழை, அட்டை எல்லாத்துக்கும் இதுங்கதான் மொதல்ல சுருண்டு போகும்.

1. நாய பாக்கப் போக முன்ன வீட்ட பாருங்க

லயத்துல (தோட்டத்து வரிசை வீட்டுல) இருக்கவங்க பக்கத்து காம்பராக்காரங்ககிட்ட ஒரு வார்த்த கதைச்சிருங்க. நடுவுல ஒரு செவுருதான், ராத்திரி ரெண்டு மணிக்கு இது கொலைச்சா அவங்களும்தான் முழிச்சிருக்கணும், காலைல பெரட்டுக்கு (வேலைக்கு பேர் குடுக்க) வேற போகணும். வாடகை வீடுன்னா வீட்டுக்காரர்கிட்ட கேட்டுக்கோங்க.

அடுத்தது ராத்திரி எங்க படுக்கும்? இஸ்தோப்புல (வாசல் திண்ணையில) கட்டிப் போட்டுக்கலாம்னு சொன்னா நான் ஒத்துக்கவே மாட்டேன். தேயிலைக்குள்ள சிறுத்தப் புலி நடமாடுற ஊரு நம்மளோடது, மஸ்கெலியா, நல்லதண்ணி பக்கத்து ஆளுங்களுக்கு இத நான் சொல்லித் தரத் தேவையில்ல. சங்கிலியில கட்டுன நாலு கிலோ நாய்னா அதுக்கு எலைல வச்சு குடுத்த மாதிரி. ராத்திரி வீட்டுக்குள்ளதான், அதுக்கு எடம் இல்லன்னா கொஞ்ச நாள் பொறுத்து எடுங்க.

2. ஷெல்டர்ல என்னா பாக்கணும்

போன் பண்ணி நேரம் கேட்டுட்டு போங்க. போன ஒடனே எல்லாரும் ஓடுறது குட்டிங்ககிட்டதான், நானும் அப்படித்தான் ஓடினேன். அங்க வேல செய்ற அக்காதான் நிப்பாட்டி, வீட்ல பகல்ல யாரு இருப்பீங்கன்னு கேட்டாங்க. யாரும் இல்ல. அப்ப ரெண்டு மூணு வயசு ஆனத எடுங்கன்னாங்க. சரியாத்தான் சொன்னாங்க, வளந்த நாயோட கொணம் இப்பவே தெரியும், ஒண்ணுக்கு அடக்கத் தெரியும், சைஸும் இதுக்கு மேல வளராது. குட்டியா எடுத்தா ஆறு மாசத்துல அது கன்னுக்குட்டி மாதிரி வந்து நிக்கலாம்.

மேல போய் குனிஞ்சு தடவாதீங்க. தரையில பக்கவாட்டா உக்காந்து, கண்ண நேரா பாக்காம, சும்மா இருங்க. சூட்டி கூண்டு மூலையில இருந்து வர இருவது நிமிசம் எடுத்துச்சு, வந்து என் செருப்ப மோந்துட்டு அதுமேலயே தாடைய வச்சு படுத்துக்கிச்சு. அதோட முடிவாயிருச்சு.

ஆனா மனசு எளகுனாலும் கை வேலைய செய்யட்டும். ஒதட்ட தூக்கி ஈறப் பாருங்க, ரோஸ் கலரா இருக்கணும், வெரலால அமுக்கி விட்டா வெள்ளையாகி ரெண்டு செக்கனுக்குள்ள பழைய கலர் திரும்பணும். வெளுத்துப் போயிருந்தா உண்ணிக் காய்ச்சலா இருக்கலாம், புழுவா இருக்கலாம், கேளுங்க. காதுக்குள்ளயும் கால் வெரலுக்கு நடுவுலயும் உண்ணி இருக்கான்னு விரிச்சு பாருங்க. குட்டி சாதிங்களுக்கு பல்லு சீக்கிரம் கெட்டுப் போகும், வாய் நாத்தம் பயங்கரமா இருந்தா வைத்தியர்கிட்ட சொல்ல ஞாபகம் வச்சுக்கோங்க.

இன்னொண்ணு, அது எந்த பாஷையில வளந்துச்சுன்னு கேளுங்க! சிரிக்காதீங்க, சூட்டிய ரெண்டு நாள் வா வான்னு கூப்பிட்டு ஓய்ஞ்சிட்டோம், திரும்பிக்கூட பாக்கல. மூணாவது நாள் தம்பி வெளையாட்டுக்கு சிங்களத்துல "மெஹே என்ன" (இங்க வா)ன்னான், வால ஆட்டிட்டு ஓடி வந்துச்சு.

3. பேப்பர் வேல

அடையாள அட்டை காப்பி, ஒரு போர்ம், சில எடத்துல வீட்டு போட்டோவும் கேப்பாங்க. நூறு கேள்வி கேக்குறாங்களேன்னு கோவப்படாதீங்க, எடுத்துட்டு போய் ரோட்ல விட்ட கதை அவங்களுக்கு நெறைய தெரியும். கருத்தடை ஆப்பரேசன் முடிஞ்சிருச்சான்னு கேட்டு, ஊசி கார்ட கையில வாங்காம கெளம்பாதீங்க.

4. கூட்டிட்டு வாறது

எங்கள பஸ்ல ஏத்தல. த்ரீவீல் இல்லன்னா தெரிஞ்சவங்க வேன் பேசிக்கோங்க. நாவலப்பிட்டி, கினிகத்தேன ஏத்தத்துல மனுசனுக்கே கொமட்டும், அதனால கெளம்ப மூணு மணித்தியாலத்துக்கு முன்னயே சாப்பாட்ட நிப்பாட்டிருங்க. காத்துப் போற கூடை, கீழ பழைய பேப்பர், அதுமேல அது ஷெல்டர்ல படுத்த துணி ஒண்ண கேட்டு வாங்கிப் போடுங்க. அந்த வாசம் இருந்தா கொஞ்சம் அடங்கும்.

5. மொத மூணு நாள்

ஒண்ணும் செய்யாதீங்க. நெசமாத்தான் சொல்றேன். குளிப்பாட்ட வேணாம், சொந்தக்காரங்கள கூப்பிட்டு காட்ட வேணாம், புள்ளைங்க தூக்கிட்டு திரிய வேணாம். ஒரு மூலையில அட்டைப் பெட்டி, அதுக்குள்ள பழைய ஸ்வெட்டர், பக்கத்துல தண்ணி. சாப்பிடலன்னா ஒரு நாள் பாக்கலாம், ரெண்டாவது நாளும் தொடலன்னாலோ வாந்தி, வயித்தோட்டம் இருந்தாலோ வைத்தியர்கிட்ட போங்க. பெட்டிக்குள்ள சாக்கு போடாதீங்க, ஈரத்த இழுத்து வச்சுக்கும். ஜனவரி ராவுல குளிருக்கு சூட்டி பெட்டிய விட்டு வெறகு அடுப்புக்குள்ள போய் படுத்திருச்சு, காலைல பாத்தா சாம்பல் பூசுன சாமியாரு மாதிரி வெளிய வருது. அணைஞ்ச அடுப்புதான், இருந்தாலும் அன்னையில இருந்து ராத்திரி ஒரு தகரத்த வச்சு மூடுறோம்.

6. ஊசியும் சாப்பாடும்

ஒரு கிழமைக்குள்ள மிருக வைத்தியர்கிட்ட கார்ட காட்டுங்க. விசர் நாய் நோய்க்கான ஊசி கட்டாயம். பார்வோ, டிஸ்டெம்பர்ங்கிற மத்த நாய் நோய்ங்களுக்கு ஊசி தனி, ஒண்ணு போட்டா மத்தது போட்டதா ஆகாது. பெரிய பிரச்சினைன்னா பேராதனை பல்கலைக்கழகத்து மிருக வைத்திய ஆஸ்பத்திரி இருக்கு. நாய் கடிச்சாலோ கீறினாலோ சோப்பு போட்டு ஓடுற தண்ணியில பதினஞ்சு நிமிசம் கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு போங்க, மஞ்சள், சுண்ணாம்பு ஒண்ணும் பூச வேணாம்.

சோறு, அவிச்ச கோழி, கெரட், பூசணி போதும். லீக்ஸ், வெங்காயம், பூண்டு ஆகாது, ரத்தத்த கெடுக்கும். நம்ம வீட்ல எந்தக் கறியிலதான் வெங்காயம் இல்ல? அதனால கறிச்சோறே வேணாம். பிளேன்டீயில நனைச்ச பிஸ்கட்டும் அப்படித்தான், அப்பாயி ஒளிச்சு ஒளிச்சு குடுக்கும், பாத்துக்கோங்க. காய்ச்சல்னு பெனடோல் குடுத்துறாதீங்க.

7. அட்டை

மழைக் காலத்துல வெளிய போயிட்டு வந்தா வெரலிடுக்கு, வயிறு, காது மூணையும் பாருங்க. தோல்ல ஒட்டியிருந்தா நகத்தால ஒட்டுன எடத்துல மெதுவா தள்ளி எடுக்கலாம். தும்மிக்கிட்டே இருந்து ஒரு மூக்குல மட்டும் ரத்தம் சொட்டுனா அட்டை உள்ள போயிருக்கலாம். சூட்டிக்கு ஒரு தடவ ஆச்சு. பக்கத்து வீட்டு அண்ணே உப்புத் தண்ணி ஊத்துன்னாரு, ஊத்தாதீங்க, மூச்சுக்குள்ள போயிரும். நாங்க ஒரு கிண்ணம் பச்சத் தண்ணிய மூக்குக்கிட்ட புடிச்சோம், கொஞ்ச நேரத்துல அட்டை தண்ணிக்கு தலைய நீட்டுச்சு, ஆனா புடிக்கப் போனா வழுக்கிட்டு உள்ள போயிரும், கடைசியில வைத்தியர்தான் எடுத்தாரு. நீங்க நேரா அங்கயே போயிருங்க.

8. பதிவு

நாய பதியணும்ங்கிற சட்டம் 1901ல இருந்தே இருக்கு, ஊசி கார்டோட நகர சபைக்கோ பிரதேச சபைக்கோ போங்க. கார்ட பிளாஸ்டிக் உறையில போட்டு, வீட்டு ஆளுங்க பேர்த் சர்டிபிகேட் இருக்க பைல்லயே வச்சிருங்க. எங்களோட மொத கார்ட எலி கடிச்சிருச்சு, வேற கார்டுக்கு திரும்ப கண்டி போயிட்டு வந்தோம்.