லிங்க் வாங்கியதற்கோ விற்றதற்கோ கூகல் தண்டித்திருந்தால் தளத்தை மீட்பது எப்படி?

உங்களுக்கு ஒரு வலைத்தளம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பூரின் சிராங்கூன் ரோட்டுச் சேலைக்கடை, ஜூரோங்கில் தமிழ் டியூஷன், பிரியாணிக் கடைகளைத் தேடிப்போய்ச் சாப்பிட்டு எழுதும் சின்ன வலைப்பூ, எதுவாக இருந்தாலும் சரி. கொஞ்சம் ஆட்கள் வந்து படிக்க ஆரம்பித்ததும் இந்த மாதிரி ஒரு மின்னஞ்சல் வரும்: “உங்கள் தளத்தை விரும்பிப் படிக்கிறோம். எங்கள் கட்டுரை ஒன்றைப் போட்டு, அதில் நிரந்தர டூஃபாலோ லிங்க் ஒன்று கொடுத்தால் 80 வெள்ளி தருகிறோம். ஸ்பான்சர் என்ற சொல் மட்டும் எங்கேயும் வரக்கூடாது.” டூஃபாலோ என்றால் கூகல் கணக்கில் எடுத்துக்கொள்ளும் சாதாரண லிங்க். இன்னொரு பக்கம், “மாதம் 300 வெள்ளி கட்டுங்கள், மற்ற தளங்களிலிருந்து உங்கள் தளத்துக்கு 50 பேக்லிங்க் போட்டுத் தருகிறோம், முதல் பக்கத்துக்கு வந்துவிடலாம்” என்று கடைக்காரர்களிடம் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். முதலாவது லிங்க் விற்பது, இரண்டாவது லிங்க் வாங்குவது. வாங்குகிறவர்தான் மாட்டுவார் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள், ஆனால் விற்கிறவருக்கும் கூகல் தண்டனை கொடுக்கும், அதாவது தேடலில் அந்தத் தளத்தைக் கீழே இறக்கும் அல்லது காட்டாமலே விடும்.

ஏன் இவ்வளவு கடுமை என்று முதலில் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998-இல் ஸ்டான்ஃபோர்டில் எழுதிய ஆய்வில் சொன்ன அடிப்படை இதுதான்: ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்கு லிங்க் கொடுத்தால் அது ஓட்டுப் போட்ட மாதிரி, அதை வைத்து எந்தப் பக்கம் முக்கியமானது என்று கணக்கிடலாம். ஓட்டைக் காசு கொடுத்து வாங்கினால் கணக்கே கெட்டுப்போகிறது. அதனால்தான் தேடலில் மேலே வருவதற்காக லிங்க்கை வாங்கவோ விற்கவோ கூடாது என்று கூகல் விதி வைத்திருக்கிறது. காசு மட்டுமல்ல, இலவசப் பொருள், இலவசச் சேவை, “நீ எனக்குப் போடு, நான் உனக்குப் போடுகிறேன்” என்ற அளவுக்கு மீறிய பரிமாற்றம் எல்லாமே இதில் அடங்கும்.

கவனியுங்கள், விளம்பரம் செய்வது தப்பே இல்லை. காசு வாங்கிக்கொண்டு லிங்க் கொடுக்கலாம், ஆனால் அது காசுக்குக் கொடுத்த லிங்க் என்று கூகலுக்குத் தெரியும்படி குறியிட வேண்டும். அந்தக் குறியை எப்படிப் போடுவது என்று கீழே சொல்கிறேன்.

பெரிய நிறுவனங்களும் தப்பவில்லை. 2013 பிப்ரவரியில், பிரிட்டனில் அன்னையர் தினத்துக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, இன்டர்ஃப்ளோரா என்ற பூ விற்கும் நிறுவனம் கூகலில் காணாமல் போனது. அதன் பெயரையே தட்டித் தேடினாலும் அதன் தளம் வரவில்லை. உள்ளூர்ப் பத்திரிகைகளின் தளங்களில் லிங்க் வைத்த விளம்பரக் கட்டுரைகளை நிறையப் போட்டிருந்தார்கள். அந்தக் கட்டுரைகளை வெளியிட்ட பத்திரிகைத் தளங்களின் பேஜ்ரேங்க் மதிப்பும் (லிங்க்குகளை வைத்துக் கூகல் கொடுக்கும் மதிப்பெண்) அப்போது சரிந்தது. இன்டர்ஃப்ளோரா 11 நாளில் திரும்பி வந்தது, ஆனால் அவ்வளவு வேகமாகச் சுத்தம் செய்ய அவர்களிடம் ஆள்பலம் இருந்தது. அதற்கு முந்தைய வருடம் கூகல் தன்னுடைய சொந்த குரோம் பக்கத்தையே குறைந்தது 60 நாளுக்குக் கீழே இறக்கி வைத்தது. விளம்பரத்துக்காகக் காசு கொடுத்து எழுதவைத்த பதிவு ஒன்றில் குறியிடாத லிங்க் இருந்ததுதான் காரணம். தேக்காவில் இருக்கும் சின்னக் கடைக்குத் தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, வேலையைத் தொடங்கலாம்.

படி 1: தண்டனை உண்மையிலேயே இருக்கிறதா?

தளம் வைத்திருப்பவர்களுக்காகக் கூகல் தரும் கருவியான கூகல் சர்ச் கன்சோலுக்குள் போங்கள். இலவசம்தான். உங்கள் தளத்தை இன்னும் சேர்க்கவில்லை என்றால் முதலில் சேர்த்து, அது உங்களுடையது என்று உறுதிப்படுத்துங்கள். இடதுபக்கப் பட்டியலில் கீழே ‘செக்யூரிட்டி அண்ட் மேனுவல் ஆக்‌ஷன்ஸ்’ என்று இருக்கும், அதற்குள் ‘மேனுவல் ஆக்‌ஷன்ஸ்’. பச்சை டிக்கோடு ‘பிரச்சினை எதுவும் இல்லை’ என்ற பொருளில் ஒரு வரி வந்தால், கூகலில் வேலை பார்க்கும் மனிதர்கள் யாரும் உங்கள் தளத்தின் மேல் நடவடிக்கை எடுக்கவில்லை என்று அர்த்தம்.

இங்கேதான் பலர் தடம் மாறுகிறார்கள். தேடலில் கீழே இறங்கிவிட்டோம், ஆனால் மேனுவல் ஆக்‌ஷன் எதுவும் இல்லை என்றால், பீதியில் இருக்கிற லிங்க்கையெல்லாம் அழிக்கக் கிளம்பாதீர்கள். கெட்ட லிங்க்குகளைப் பிடிக்க கூகல் 2012 ஏப்ரலில் பெங்குவின் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. முதலில் அது தளங்களையே கீழே தள்ளியது. 2016 செப்டம்பரிலிருந்து அது தேடல் முடிவுகளை வரிசைப்படுத்தும் முக்கிய அல்காரிதத்தின் பகுதியாகி, பெரும்பாலும் அந்த லிங்க்குகளைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுகிறது. அதாவது, மாதம் 300 வெள்ளி கட்டி வாங்கிய லிங்க்குகள் ஒரு நாள் சத்தமில்லாமல் மதிப்பிழந்து போகும், எந்த அறிவிப்பும் வராது, அதுவரை அவை தூக்கிப் பிடித்திருந்த இடம் சரியும். இதற்கு மேல்முறையீடு எல்லாம் கிடையாது. காசு கொடுப்பதை நிறுத்திவிட்டு, பக்கங்களின் தரத்தைக் கவனிக்க வேண்டியதுதான். சரிவுக்குக் காரணம் லிங்க்காக இல்லாமலும் இருக்கலாம். தளத்தைப் புதுப்பித்தபோது தேடுபொறியைத் தடுக்கும் அமைப்பு தெரியாமல் இயக்கப்பட்டிருக்கிறதா என்றும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

படி 2: அறிவிப்பு வாங்கியதைச் சொல்கிறதா, விற்றதைச் சொல்கிறதா?

மேனுவல் ஆக்‌ஷன் இருந்தால் அதன் பெயரை நிதானமாகப் படியுங்கள். இயல்பற்ற லிங்க்குகள் ‘உங்கள் தளத்துக்கு’ வருகின்றன என்றால் வாங்கிய குற்றம், படி 4-க்குப் போங்கள். ‘உங்கள் தளத்திலிருந்து’ போகின்றன என்றால் விற்ற குற்றம், அடுத்த படியை முடித்துவிட்டு நேராகப் படி 6-க்குப் போங்கள். தளம் முழுவதும் பாதிக்கப்பட்டதா, சில பக்கங்கள் மட்டுமா என்றும் அங்கேயே போட்டிருக்கும்.

படி 3: விற்ற லிங்க்குகளைச் சரிசெய்வது

இது சுலபமான வேலை, ஏனென்றால் எல்லாம் உங்கள் கையில் இருக்கிறது. ஞாபகத்தை மட்டும் நம்பாதீர்கள். பேநவ், பேபால் கணக்குகளில் வந்த தொகைகளையும் மின்னஞ்சல் பெட்டியையும் எடுத்துவைத்துக்கொண்டு, யாரிடம் எந்தப் பதிவுக்கு என்ன வாங்கினீர்கள் என்று ஒரு பட்டியல் போடுங்கள். பக்கத்தின் அடிப்பகுதியிலும் ஓரத்திலும் இருக்கும் பழைய பேனர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், மறந்துபோவது பெரும்பாலும் அவைதான்.

காசு வாங்காமல் வந்த லிங்க்குகளும் இதில் வரும். உணவகத்துக்காரர் கூப்பிட்டு இலவசமாகச் சாப்பாடு போட்டு, “எழுதும்போது எங்கள் தளத்துக்கு ஒரு லிங்க் கொடுங்கள்” என்றால், அது கைம்மாறுக்குக் கொடுத்த லிங்க்தான். இலவசப் பொருள் பெற்று எழுதும் பதிவர்கள் லிங்க்கைக் குறியிட வேண்டும் என்று கூகல் 2016 மார்ச்சிலேயே தெளிவாக எழுதியது. ஏப்ரலில் தமிழ்மொழி விழாவை ஒட்டியோ சமூக மன்றக் கோலப்போட்டிக்கோ நீங்கள் ஒரு நிகழ்ச்சிப் பக்கம் போட்டு, நன்கொடை கொடுத்த கடைகளின் லோகோவை லிங்க்கோடு வைத்தால் அதற்கும் குறி தேவை. நல்ல காரியத்துக்கு உதவியவர்கள் பெயரைத் தாராளமாகப் போடுங்கள், லிங்க்கும் கொடுங்கள், அடுத்துச் சொல்லும் ரெல் பண்பை மட்டும் சேர்த்துவிடுங்கள்.

ரெல் என்பது வலைப்பக்கங்களை எழுதும் ஹெச்டிஎம்எல் மொழியில் லிங்க்கோடு சேர்த்து எழுதும் ஒரு பண்பு. அதற்கு ‘ஸ்பான்சர்ட்’ என்ற மதிப்பைக் கொடுத்தால் இது காசுக்கான லிங்க் என்று கூகல் எடுத்துக்கொள்ளும். 2019 செப்டம்பரில் வந்தது இது. அதற்கு முன் 2005-இலிருந்து இருப்பது ‘நோஃபாலோ’, அதைப் போட்டிருந்தாலும் செல்லும், மாற்ற வேண்டிய அவசியமில்லை. வேர்ட்பிரஸ் வைத்திருப்பவர்கள் பதிவின் எடிட்டரில் லிங்க்கைத் தொட்டு, பென்சில் படத்தை அழுத்தி, ‘அட்வான்ஸ்ட்’ பகுதியைத் திறந்தால் நோஃபாலோ என்று குறிக்கும் பெட்டி இருக்கும். யோஸ்ட் என்ற கூடுதல் நிரலை (பிளகின்) போட்டிருந்தால் ஸ்பான்சர்ட் என்றும் தேர்வு செய்யலாம். பிளாகரில் எழுதுகிறவர்கள் ஹெச்டிஎம்எல் பார்வைக்கு மாறிக் கையால் சேர்க்கலாம்.

பதிவின் மேலே ‘இது விளம்பரப் பதிவு’ என்று எழுதிவிட்டோமே, போதாதா என்று கேட்பார்கள். போதாது. அது வாசகருக்குச் சொல்வது, சிங்கப்பூரின் விளம்பர நெறிமுறைகளும் அதைக் கேட்கின்றன, கட்டாயம் செய்யுங்கள். ரெல் பண்பு தேடுபொறிக்குச் சொல்வது. இரண்டும் வேண்டும்.

லிங்க்குக்காக மட்டுமே போட்ட, உங்கள் தளத்துக்குச் சம்பந்தமே இல்லாத கட்டுரைகளைக் குறியிடக்கூட வேண்டாம், அழித்துவிடுங்கள். மீ கோரெங் பற்றி எழுதும் வலைப்பூவில் ஆன்லைன் சூதாட்டக் கட்டுரை எதற்கு? உங்களை நம்பிப் படிக்கிறவர்களுக்கு அது அவமரியாதை.

படி 4: வாங்கிய லிங்க்குகளை அகற்றுவது

அதிக நேரம் பிடிப்பது இதுதான். முதல் வேலை, ஏஜென்டுக்குக் காசு கட்டுவதை இன்றைக்கே நிறுத்துவது. அப்புறம் அவர் எங்கெல்லாம் லிங்க் போட்டார் என்ற பட்டியலை எழுத்தில் கேளுங்கள். மாதாந்திர அறிக்கை என்று அனுப்பியிருந்தால் அதிலேயே முகவரிகள் இருக்கும்.

அந்தப் பட்டியல் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், சர்ச் கன்சோலின் ‘லிங்க்ஸ்’ பகுதிக்குப் போய் வெளியிலிருந்து வரும் லிங்க்குகளைத் தரவிறக்குங்கள். கூகல் ஷீட்டில் போட்டு, லிங்க் இருக்கும் பக்கம், லிங்க்கில் இருக்கும் சொற்கள், யாருக்கு எந்தத் தேதியில் மின்னஞ்சல் அனுப்பினோம், பதில் என்ன, இப்போதைய நிலை என்று பத்திகள் பிரியுங்கள். இந்த ஷீட்தான் பின்னால் உங்கள் சாட்சி, அதனால் முதல் நாளிலிருந்தே ஒழுங்காக எழுதிவாருங்கள்.

வாங்கிய லிங்க்கை அடையாளம் காண்பது கஷ்டமில்லை. மனிதர்கள் இயல்பாக லிங்க் கொடுக்கும்போது கடையின் பெயரையோ ‘இங்கே பாருங்கள்’ என்றோ ஏதோ ஒன்றைப் போடுவார்கள். வாங்கிய லிங்க்கில் ‘பெஸ்ட் சில்க் சாரி சிங்கப்பூர்’ என்ற அதே நான்கு சொற்கள் தளத்துக்குத் தளம் எழுத்துப் பிசகாமல் வரும், அதுவும் கார் டயர் பற்றிய கட்டுரையின் நடுவில், பல் வலிக்கான வைத்தியத்துக்குக் கீழே. அப்படிப்பட்டவற்றைச் சிவப்பாக்குங்கள். பள்ளியோ செய்தித்தளமோ வாடிக்கையாளரின் வலைப்பூவோ தானாகக் கொடுத்த லிங்க்குகளைத் தொடவே தொடாதீர்கள், அவை நீங்கள் உழைத்துச் சம்பாதித்தவை.

சிவப்பில் இருக்கும் தளங்களின் உரிமையாளர்களுக்கு மரியாதையாக, சுருக்கமாக எழுதுங்கள்: எந்தப் பக்கம், எந்த லிங்க், அதை நீக்கவோ நோஃபாலோ ஆக்கவோ முடியுமா. சிலர் செய்துவிடுவார்கள். பலர் பதிலே போடமாட்டார்கள். சிலர் நீக்குவதற்கும் காசு கேட்பார்கள். கொடுக்காதீர்கள், கேட்டதை அப்படியே ஷீட்டில் குறித்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

படி 5: மிச்சத்துக்கு டிஸவவ்

நீக்கமுடியாத லிங்க்குகளைக் கணக்கில் எடுக்காதே என்று கூகலிடம் சொல்லும் கருவி இது, 2012 அக்டோபரில் வந்தது. சாதாரண டெக்ஸ்ட் கோப்பு ஒன்றில் ஒரு வரிக்கு ஒன்றாக எழுத வேண்டும். ஒரு முழுத் தளத்தையும் தள்ளிவைக்க, ‘டொமைன்’ என்ற சொல்லை ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் தளத்தின் பெயரைப் போடுங்கள். முன்னால் ஹெச்டிடிபி எதுவும் வேண்டாம். கோப்பு 2 எம்பிக்கு மேல் போகக்கூடாது, சின்னக் கடைக்கு அதில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது.

சர்ச் கன்சோலில் ‘டொமைன்’ வகையில் தளத்தைச் சேர்த்திருந்தால் இந்தக் கருவி அதை ஏற்காது, ‘யூஆர்எல் பிரிஃபிக்ஸ்’ வகையிலும் ஒருமுறை சேர்த்துக்கொள்ளுங்கள். புதிய கோப்பை ஏற்றினால் பழையது போய்விடும், ஆகவே எப்போதும் முழுப் பட்டியலையும் ஏற்றுங்கள். மேனுவல் ஆக்‌ஷன் இல்லாதவர்கள், அது வரும் என்ற வலுவான காரணமும் இல்லாதவர்கள், இந்தப் பக்கமே வரவேண்டாம். தெரியாமல் நல்ல தளத்தின் பெயரைச் சேர்த்துவிட்டால் இழப்பு உங்களுக்குத்தான்.

படி 6: மறுபரிசீலனைக்கு எழுதுவது

மேனுவல் ஆக்‌ஷன்ஸ் பக்கத்திலேயே மறுபரிசீலனை கேட்கும் பொத்தான் இருக்கும். இதைப் படிப்பது மனிதர். அதனால் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்: இந்த மாதத்திலிருந்து இந்த மாதம் வரை ஒரு ஏஜென்டுக்குக் காசு கொடுத்து லிங்க் போட்டோம், ஒப்பந்தத்தை இந்தத் தேதியில் முடித்துவிட்டோம், இத்தனை லிங்க்குகள் நீங்கிவிட்டன, மிச்சத்தை டிஸவவ் செய்திருக்கிறோம், விவரம் இந்த ஷீட்டில். லிங்க் விற்றவர் என்றால் எந்தப் பதிவுகளை அழித்தீர்கள், எவற்றைக் குறியிட்டீர்கள் என்று எழுதுங்கள். ‘எங்களுக்கு எதுவுமே தெரியாது, போட்டிக் கடைக்காரர் செய்த சதி’ என்று ஆரம்பிக்காதீர்கள், சுத்தம் செய்த வேலையைவிடச் சாக்குதான் முன்னால் தெரியும். ஷீட்டைத் திறந்து பார்க்கும் அனுமதி எல்லோருக்கும் இருக்கிறதா என்று வேறொரு பிரவுசரில் சோதித்துவிட்டு அனுப்புங்கள்.

பதில் வரச் சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். அதுவரை மறுபடி மறுபடி அனுப்பாதீர்கள். நிராகரித்தால் இன்னும் மிச்சமிருக்கும் லிங்க்குகளுக்கு உதாரணமாகச் சில முகவரிகளைக் காட்டுவார்கள். அந்தச் சிலதை மட்டும் நீக்கிவிட்டுத் திருப்பி அனுப்பினால் மறுபடியும் நிராகரிப்புதான் வரும், அதே மாதிரி இருக்கும் எல்லாவற்றையும் தேடிப்பிடியுங்கள். ஏற்றுக்கொண்டால் தண்டனை நீங்கியது என்று செய்தி வரும். ஆனால் லிங்க் வாங்கியவர்கள் பழைய இடமே திரும்பக் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவேண்டாம், அந்த இடத்தில் உங்களை நிறுத்தியிருந்த லிங்க்குகள் இப்போது இல்லை. டியூஷன் நடத்துகிறவர் பிஎஸ்எல்இ என்ற தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு எழுதும் பிள்ளைகளின் பெற்றோர் கேட்கும் கேள்விகளுக்கு நல்ல பதில்களை எழுதுங்கள், கடைக்காரர் கூகல் பிசினஸ் புரொஃபைலில் நேரம், படம், விலையைச் சரியாக வையுங்கள். ‘இந்திய சாரி கடை பக்கத்தில்’ என்று எம்ஆர்டி ரயிலை விட்டு இறங்கித் தேடுகிறவருக்கு முதலில் தெரிவது இந்த புரொஃபைல் விவரங்களைக் காட்டும் வரைபடப் பெட்டிதான், அதில் வருவதற்குக் கூகலுக்குக் கட்டணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை.