வெளிநாட்டுக்கு அனுப்பும் கவரை இயந்திரம் வாசிக்கும்படி அடிப்பது எப்படி

கவர் அடிக்க வருகிறவர்கள் முதலில் நீட்டுவது லோகோவை. கோயில் பரிபாலன சபை, பழைய மாணவர் சங்கம், மருதமுனைக் கைத்தறி வியாபாரி, பாசிக்குடாவில் விடுதி நடத்துகிறவர் என்று யார் வந்தாலும் இதேதான். நான் முதலில் கேட்பது விலாசப் பட்டியலை. விலாசம் கவரில் எங்கே விழப்போகிறது, அதைச் சுற்றி எவ்வளவு இடம் வெறுமையாக விடவேண்டும் என்பது முடிவானால்தான் லோகோவுக்கு மிஞ்சுகிற இடம் தெரியும். மட்டக்களப்பு நகரில் அச்சக மேசையில் இருந்து இந்த வேலை செய்கிறவன் என்ற முறையில், கவர் அடிக்க நினைக்கிற எல்லாருக்கும் இதை எழுதிவைக்கிறேன்.

ரொறன்ரோவிலோ லண்டனிலோ போய் இறங்கும் கவரை முதலில் பார்ப்பது ஒரு கமரா. கடிதங்கள் நிமிர்ந்தபடி ரப்பர் பட்டிகளுக்கு இடையில் ஓடும். பெரிய பிரிப்பு இயந்திரம் ஒன்று மணிக்கு 30,000 கடிதங்களுக்கு மேல் தள்ளிவிடும். ஓடுகிற ஓட்டத்திலேயே படம் எடுத்து, விலாசம் எங்கே என்று மென்பொருள் தேடும். நாடு, ஊர், தபால் குறியீடு இருக்கிற அடி வரிகள்தான் அதற்கு உயிர். வாசித்துவிட்டால் கவரிலேயே ஒரு பார்கோட் அடித்துவிடும். பிறகு வருகிற இயந்திரங்கள் எழுத்தைப் பார்ப்பதில்லை, அந்தக் கோடுகளை மட்டும் பார்க்கும். வாசிக்க முடியாவிட்டால் படம் ஒரு ஊழியரின் திரைக்குப் போகும், அவர் பார்த்துக் குறியீட்டைத் தட்டுவார். அவராலும் முடியாவிட்டால் கையால் பிரிக்கும் மேசை. அங்கே போகிற கடிதம் தாமதமாகும். கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ உங்களுக்கு வந்த பழைய கவர் வீட்டில் இருந்தால் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கமோ பின்பக்கமோ வெளிறிய செம்மஞ்சள் நிறத்தில் சிறுசிறு கோடுகள் தெரியும். அது இந்த இயந்திரம் அடித்ததுதான்.

சரி, அடிமட்டத்தை எடுங்கள். ஏ4 தாளை மூன்றாக மடித்தால் சேரும் நீளக் கவர், 220 மில்லிமீற்றர் நீளமும் 110 உயரமும். சர்வதேச தபால் ஒன்றியம் விலாசத்துக்கு ஒரு பெட்டி வகுத்திருக்கிறது: மேல் ஓரத்திலிருந்து 40 மில்லிமீற்றர் கீழே தொடங்க வேண்டும், கீழ் ஓரத்திலிருந்து 15, வலது ஓரத்திலிருந்து 15 விடவேண்டும், வலது ஓரத்திலிருந்து 140ஐத் தாண்டி இடப்பக்கம் போகக்கூடாது. இந்தக் கவரில் அதைக் கணக்குப் பார்த்தால் 125க்கு 55 மில்லிமீற்றர் பெட்டி கிடைக்கும். ஐந்து வரி விலாசத்துக்குத் தாராளம். வலது மேல் மூலையில் 74க்கு 40 மில்லிமீற்றர் முத்திரைக்கும் தபால் கந்தோர்ச் சீலுக்கும். விலாசத்துக்குக் கீழே எதுவும் இருக்கக்கூடாது. கீழ் ஓரத்தில் வலப்பக்கமிருந்து 140 நீளத்துக்கு 15 உயரமான அந்தப் பட்டி சுத்தமாக இருக்கவேண்டும். பார்கோட் அடிக்கிற இடம் பெரும்பாலும் அதுதான். அமெரிக்கத் தபால் சேவையும் ஏறக்குறைய இதே அளவைத்தான் கேட்கிறது: வலது கீழ் மூலையில் நாலேமுக்கால் அங்குல நீளம், எட்டில் ஐந்து அங்குல உயரம்.

மிஞ்சுவது இடப்பக்கம் 80 மில்லிமீற்றர் அகலம். லோகோவும் அனுப்புநர் விலாசமும் அந்த 80க்குள், மேல் பாதியில். அதற்குக் கீழே கொஞ்ச இடத்தை நான் எப்போதும் வெறுமையாக விடுவேன். பதிவுத் தபாலில் போனால் கந்தோரில் ஒரு லேபல் ஒட்டுவார்கள் அல்லவா, இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் இலங்கைக்கான இரண்டு எழுத்து என்று பதின்மூன்று இடங்கள் கொண்டது. இடம் விடாவிட்டால் கவுண்டரில் இருப்பவர் அதை எங்கே ஒட்டுவார்? உங்கள் விலாசத்தின் மேலேதான்.

நம் பக்கத்தில் ஒரு பழக்கம் இருக்கிறது. அனுப்புநர் விலாசத்தை இடது கீழ் மூலையில் போடுவது. பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதப் பழகியபோது அப்படித்தான் காட்டினார்கள், அச்சகங்களும் அப்படியே அடித்துக்கொண்டு வந்தன. வெளிநாட்டுக்குப் போகும் கவரில் இதைக் கட்டாயம் கைவிட வேண்டும். இயந்திரம் அடியில் இருக்கும் விலாசத்தையே போகவேண்டிய இடம் என்று எடுத்துக்கொள்ளக்கூடும். ஒரு கோயிலின் திருவிழா அழைப்பில் ஒரு கட்டு இப்படியே திரும்பி வந்து நான் பார்த்தேன். கிழிசல் இல்லை, விலாசம் பிழையில்லை, அனுப்புநர் விலாசம் மட்டும் கீழே, பெறுநர் விலாசத்துக்குச் சமமான உயரத்தில், அதே பருமன் எழுத்தில். மேலே தூக்குங்கள், எழுத்தையும் சிறிதாக்குங்கள். கவரின் பின் மடிப்பில் போட்டால் இன்னும் நல்லது.

"கீழால சும்மா கிடக்கே மனே, உபயகாரர் பேரைப் போடுங்களன்" என்று ஒரு பொருளாளர் ஐயா கேட்டார். "அந்த இடம் கனடாக்காரன் அடிக்கிறதுக்கு ஐயா, நாம தொடக்கூடாது" என்றேன். உபயகாரர் பெயர்கள் உள்ளே அழைப்பிதழில் போயின.

எழுத்து விஷயத்துக்கு வருவோம். முனைகளில் சிறு கால் வைக்காத, நேரான ஆங்கில எழுத்து, ஏரியல் போதும். பருமன் 10 முதல் 12 புள்ளி. எல்லா வரியும் இடப்பக்கம் ஒரே நேரில் தொடங்கட்டும், நடுவில் சேர்க்க வேண்டாம். அடிக்கோடு, சரிவெழுத்து, கல்யாண அட்டையில் வருகிற வளைந்த எழுத்து எதுவும் வேண்டாம். கறுப்பு மை, வெள்ளைத் தாள். வெளிர்மஞ்சள் கவரும் பரவாயில்லை. அரக்கு நிறக் கவரில் தங்க எழுத்து வேண்டுமென்று ஒற்றைக்காலில் நிற்பவர்களுக்கு, விலாசத்தை வெள்ளை லேபலில் அடித்து, சரிவில்லாமல், மூலைகள் எழும்பாமல் ஒட்டிக் கொடுக்கிறேன்.

நாட்டின் பெயர் கடைசி வரியில், தனியாக, ஆங்கிலப் பெரிய எழுத்தில். இலங்கையில் பிரிப்பவருக்கு அந்த ஒரு வரி போதும். அதற்கு மேலே இருப்பது போகும் நாட்டின் இயந்திரத்துக்கு.

இனி, மற்ற எல்லாவற்றையும் விட அதிகம் கெடுகிற இடம்: பட்டியல். கிழக்கில் நிறையச் சங்கங்களின் பட்டியல் இன்னும் பாமினியில் தட்டியது. பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தைக் காட்டும் பழைய எழுத்துரு. எக்செல் தாளில் பெயர் தமிழில் பாமினி, விலாசம் ஆங்கிலத்தில் என்று கலந்து கிடக்கும். லேபலுக்கு எடுக்கும்போது முழுவதையும் ஏரியலாக மாற்றினால் தமிழ்ப் பெயர் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை வரும். முதலில் பாமினியை யூனிகோடுக்கு மாற்றுங்கள். பிறகு வெளிநாட்டு லேபலுக்குப் பெயரை ஆங்கிலத்தில் தனி நிரலாகத் தட்டுங்கள். தமிழ்ப் பெயர் உள்ளே கடிதத்தில் அழகாக இருக்கட்டும்.

அப்புறம் பூச்சியம். எக்செல் முன்னால் இருக்கிற பூச்சியத்தை விழுங்கிவிடும். வெள்ளவத்தை 00600, கொட்டாஞ்சேனை 01300. இவை 600, 1300 என்று ஆகிவிடும். ஜேர்மனியில் டிறெஸ்டன், லைப்சிக் பக்கம், பிரான்சில் நீஸ், அமெரிக்காவில் நியூ ஜேர்சி, நோர்வேயில் ஒஸ்லோ என்று பூச்சியத்தில் தொடங்கும் குறியீடுகள் நிறைய. தட்டத் தொடங்கும் முன்பே அந்த நிரலை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள். தட்டி முடித்த பிறகு மாற்றினால் போன பூச்சியம் திரும்பி வராது.

நம் ஆட்கள் அதிகம் இருக்கும் நாடுகளுக்குச் சில சரிபார்ப்புகள் சொல்கிறேன். கனடாக் குறியீடு எழுத்து-இலக்கம்-எழுத்து, ஒரு இடைவெளி, இலக்கம்-எழுத்து-இலக்கம். நடுவில் கோடு போடவேண்டாம், இடைவெளிதான். டி (D), எஃப், ஐ, ஓ, கியூ, யூ என்ற ஆறு எழுத்துகள் அதில் வருவதே இல்லை. ஆகவே பட்டியலில் 'ஓ' இருந்தால் அது பூச்சியம், 'ஐ' இருந்தால் அது ஒன்று, கேட்காமலே திருத்தலாம். ரொறன்ரோ என்றால் முதல் எழுத்து எம், ஸ்காபரோ என்றால் எம்முக்குப் பிறகு 1. ஊர் ஸ்காபரோ, குறியீடு 'எச்' (H) என்ற எழுத்தில் தொடங்குகிறது என்றால் ஆள் மொன்றியலிலிருந்து மாறிவந்து பழைய குறியீட்டையே கொடுத்திருக்கிறார் என்று சந்தேகப்படுங்கள். மாடிக் குடியிருப்பு என்றால் வீட்டு இலக்கத்தை முன்னால் போட்டு, கோடிட்டு, கட்டட இலக்கத்தை எழுதுவது அங்கே வழக்கம்.

இங்கிலாந்துக்கு ஊர்ப் பெயர் பெரிய எழுத்தில், குறியீடு அதற்குக் கீழே தனி வரியில். கடைசி மூன்று இடங்கள் எப்போதும் ஒரு இலக்கம், இரண்டு எழுத்து. ஜேர்மனிக்கு ஐந்து இலக்கம், சுவிசுக்கு நாலு. இரண்டிலும் குறியீடு ஊர்ப் பெயருக்கு முன்னால் வரும். நம் பழக்கத்தில் பின்னால் தட்டிவிடுவோம், கவனம்.

வங்கிக் கடிதம்போல ஜன்னல் வைத்த கவர் கேட்பவர்கள் ஒரு கணக்கைப் பாருங்கள். மூன்றாக மடித்த ஏ4 தாள் 99க்கு 210. கவர் 110க்கு 220. அதாவது தாள் உள்ளே ஒரு சென்ரிமீற்றர் மேலும் கீழும், ஒரு சென்ரிமீற்றர் இடமும் வலமும் ஓடும். விலாசத்தை ஜன்னலுக்கு அளவாக அடித்தால் வழியில் குறியீடு மறைந்துவிடும். கவரை ஒட்டிவிட்டு மேசையில் கீழ் விளிம்பால் தட்டுங்கள், பிறகு இடது விளிம்பால், பிறகு வலதால். ஒவ்வொரு தடவையும் விலாசம் முழுதாகத் தெரியவேண்டும், ஜன்னல் ஓரத்துக்கும் எழுத்துக்கும் மூன்று மில்லிமீற்றராவது இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஜன்னலைப் பெரிதாக்குங்கள் அல்லது எழுத்தைச் சிறிதாக்குங்கள்.

உள்ளே என்ன வைக்கிறீர்கள் என்பதும் வடிவமைப்பில் சேர்த்தி. ஸ்டேப்ளர் கம்பி, கிளிப், நூல், காசு எதுவும் வேண்டாம். பட்டியில் வளைந்து ஓடும்போது அது கவரைக் கிழித்து, பின்னால் வருகிற கடிதங்களையும் சிக்கவைக்கும். தடிப்பு எங்கும் ஒரேமாதிரி, 5 மில்லிமீற்றருக்குள். மருதமுனைத் துணி மாதிரித் துண்டுகளை நடுவில் செருகினால் கவர் வயிறு ஊதிவிடும். அது கடிதமும் அல்ல. சாமான் என்பதால் சிறு பொதியாக, சுங்கத்துக்கான சீஎன்22 படிவம் ஒட்டித்தான் போகவேண்டும். சதுரக் கவரும் வேண்டாம். எந்தப் பக்கம் நீளம் என்று இயந்திரத்துக்குத் தெரியாது, அமெரிக்காவில் அதற்கு மேலதிகக் கட்டணமும் உண்டு. நீளம் அகலத்தைப்போல 1.4 மடங்காவது இருக்கட்டும்.

கோயில்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது திருநீறு. மாமாங்கத்துத் தீர்த்தம் என்றாலும் வைகாசிச் சடங்கு என்றாலும், பிரசாதப் பொட்டலத்தைக் கவரில் வைத்து அனுப்ப ஆசைப்படுவார்கள். அந்தப் பாசம் எனக்கும் விளங்குகிறது. ஆனால் 2001இல் அமெரிக்காவில் ஆந்த்ராக்ஸ் கிருமித் தூளைக் கடிதத்தில் வைத்து அனுப்பி ஐந்து பேர் இறந்தார்கள். அவர்களில் இருவர் வாஷிங்டனில் கடிதம் பிரிக்கும் நிலையத்தில் வேலை செய்தவர்கள். கவர் இயந்திரத்தில் அழுத்தப்படும்போது தூள் ஓட்டைகளால் வெளியே பறந்ததுதான் காரணம். அதற்குப் பிறகு ஒரு கவரிலிருந்து வெள்ளைத் தூள் கொட்டினால் அங்கே வேலையை நிறுத்தி ஆட்களை வெளியேற்றுவார்கள். திருநீறும் தூள்தான். குங்குமம், சந்தனம், மூலையில் மஞ்சள் பூசுவது எல்லாம் உள் அட்டையில் காய்ந்த பொட்டாக இருக்கட்டும். பொட்டலம் ஊருக்கு வருகிறவர்கள் கையில் போகட்டும்.

தாள் சதுர மீற்றருக்கு 80 கிராமுக்குக் குறையாமல் எடுங்கள். 100 என்றால் நிம்மதி. பளபளப்பு ஆர்ட் தாள் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், மையும் பிடிக்காது. மாரி காலத்தில் நம் ஊரில் இங்க்ஜெட் எழுத்து கைபட்டாலே இழுபடும், பசைக்கவர்கள் பெட்டிக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். கார்த்திகை, மார்கழியில் விலாசத்தை லேசரில் அடியுங்கள், வெறும் கவரைப் பொலித்தீனில் சுற்றி உயரத்தில் வையுங்கள்.

உள்ளூர்க் கடிதத்துக்கு இவ்வளவு இறுக்கம் தேவையில்லை. மட்டக்களப்பு 30000, காத்தான்குடி 30100, களுவாஞ்சிகுடி 30200, ஏறாவூர் 30300, வாழைச்சேனை 30400, அம்பாறை 32000, சம்மாந்துறை 32200, கல்முனை 32300, அக்கரைப்பற்று 32400, பொத்துவில் 32500. இந்த இலக்கத்தை ஊர்ப் பெயரோடு கட்டாயம் போடுங்கள். 'பிள்ளையார் கோயிலடி' போன்ற அடையாளம் தபால்காரருக்கு உதவும், ஆனால் அது பெயருக்குக் கீழே இரண்டாவது வரியில் வரட்டும். கடைசி வரி ஊருக்கும் குறியீட்டுக்கும்.

முழுத்தொகையையும் அடிக்கச் சொல்வதற்கு முன் ஐந்தாறு கவர் மட்டும் எடுத்து, ஒவ்வொரு நாட்டிலும் தெரிந்தவர் ஒருவருக்குச் சாதாரண விமானத் தபாலில் போடுங்கள். கிடைத்ததும் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். கோடுகள் எங்கே விழுந்திருக்கின்றன, உங்கள் எழுத்தின்மேல் ஏறியிருக்கின்றனவா, யாராவது பேனாவால் குறியீட்டைத் திருத்தி எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். பேனாக் குறி இருந்தால் இயந்திரம் வாசிக்கத் திணறியிருக்கலாம். விலாசத்தையும் எழுத்தையும் திரும்பப் பார்த்துவிட்டு அச்சகத்துக்கு வாருங்கள்.