யோசனை வரவில்லையா? எதையாவது குறையுங்கள்

1990களில் பொருளாதாரத் தடை. யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. ஆனாலும் றேடியோ பாடியது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து வயர் இழுத்துச் செய்தி கேட்டோம். முக்கியமான செய்தி வரும்போதுதான் சுற்றுகிறவருக்குக் கை உளையும்! வெளிச்சத்துக்கு ஜாம் போத்தல் விளக்கு: அடியில் பஞ்சு, அது ஊறுமளவு மண்ணெண்ணெய், ஒரு திரி.

அந்தத் தட்டுப்பாட்டை இப்போது வேண்டுமென்றே உண்டாக்கிப் பாருங்கள். கலியாண அழைப்பிதழ் வடிவமைக்கிறீர்களா? இரண்டே நிறம். சமையலா? இன்றைக்குத் தேங்காய் இல்லாமல் ஒரு கறி. பிறகு கொப்பியில் பத்து யோசனை எழுதுங்கள். முதல் மூன்று நான்கு எல்லோருக்கும் வருவதுதான், விட்டுவிடலாம். எனக்கு உருப்படியானது ஏழாவதுக்குப் பிறகுதான் வரும்.

அப்படியும் வரவில்லையா, சரி, எழுந்து ஒழுங்கைக்குள் நடவுங்கள். உட்கார்ந்திருப்பதைவிட நடக்கும்போது கூடுதல் யோசனைகள் வருவதை ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் காட்டியிருக்கிறார்கள். போன் வீட்டில் கிடக்கட்டும். துண்டுக் கடதாசியும் பேனையும் போதும்.