கோடியக்கரைக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

வங்கக் கடலும் பாக் நீரிணையும் சேரும் முனையில், வேதாரண்யத்துக்குத் தெற்கே சாலை முடிகிற இடம் கோடியக்கரை. ‘பிளாக்பக்’ எனப்படும் வெளிமான்களைக் காக்க 1967-இல் சரணாலயமானது. 2002-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. உச்சிவெயிலில் வந்து இறங்கி, கடலை எட்டிப் பார்த்துவிட்டு, “ஒன்றுமே இல்லையே” என்று திரும்புகிறவர்களைக் கண்டால் மனம் பொறுப்பதில்லை. வேளை அறிந்து வந்தால் கோடியக்கரை யாரையும் ஏமாற்றாது.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

வெளிமான்கள் ஆண்டு முழுவதும் இருக்கும். வலசைப் பறவைகளுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். புதியவர்களுக்கு என் தேர்வு ஜனவரி. மழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். அதற்கு முன் வருவதானால் வானிலை அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் கரையேறியது இந்தப் பகுதியில்தான்.

படி 2: வந்து சேருங்கள்

நாகப்பட்டினம் அல்லது திருத்துறைப்பூண்டியிலிருந்து பஸ்ஸில் வேதாரண்யம். அங்கிருந்து கோடியக்கரைக்கு இன்னொரு பஸ். திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யத்தை அடுத்த அகஸ்தியம்பள்ளி வரை 2023 முதல் மீண்டும் ரயிலும் ஓடுகிறது. 1930-இல் ராஜாஜி தலைமையில் உப்புச் சத்தியாகிரகம் நடந்த மண் அது. நினைவுத்தூணைப் பார்க்கச் சற்று இறங்கி நின்றால் நல்லது.

படி 3: இரவு தங்குங்கள்

இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். விலங்குகளை நன்றாகப் பார்க்க முடிவது விடியலிலும் அந்தியிலும்தான். வனத்துறை விடுதிக்கு முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். கிடைக்காவிட்டால் வேதாரண்யத்தில் தங்கி, இருட்டோடு கிளம்பும்படி வண்டி பேசி வையுங்கள். சரணாலயம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதையும் முதல்நாளே விசாரித்துவிடுங்கள்.

படி 4: காலையில் வெளிமான்

புல்வெளியின் ஓரத்தில் வண்டியை நிறுத்துங்கள். கதவை அறைந்து சாத்த வேண்டாம். மங்கிய பழுப்பில், கொம்பில்லாமல் மேய்வன பெண்மான்கள். முதுகு கறுத்து, வயிறு வெளுத்து, முறுக்கிய கொம்போடு தனித்து நிற்பது வளர்ந்த கடா. அது மூக்கை வானத்துக்குத் தூக்கி, கொம்பை முதுகின்மேல் சாய்த்து, விறைப்பாக நடந்தால் கண்ணெடுக்காமல் பாருங்கள்: தன் எல்லையைக் காட்டுகிறது, அல்லது பெண்மானை அழைக்கிறது. எல்லா மான்களும் மேய்ச்சலை விட்டுத் தலை நிமிர்ந்தால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள். படத்துக்காகத் துரத்துவது பெரும் பாவம். சினைமானை ஓடவிடுவது அதன் குட்டிக்கும் ஆபத்து.

அதே வெளியில் காட்டுக்குதிரைகளும் மேயும். ஒருகாலத்தில் மனிதர்கள் வளர்த்து விட்டுப்போன குதிரைகளின் வழிவந்தவை அவை. அருகே போய்த் தடவ ஆசைப்படாதீர்கள்.

படி 5: பிறகு பறவைகள்

பூநாரைகள் (ஃபிளமிங்கோ) எங்கே இறங்கியிருக்கின்றன என்பது சதுப்பில் நிற்கும் நீரின் ஆழத்தைப் பொறுத்தது. அதை அன்றாடம் பார்ப்பவர்கள் வேட்டைத் தடுப்புக் காவலர்கள்; அவர்களிடம் கேட்டுவிட்டுப் போங்கள். வெயில் உங்கள் முதுகில் விழும்படி நில்லுங்கள். பைனாகுலரில் ஒரே ஒரு பூநாரையைப் பிடித்துக்கொண்டு பொறுமையாகப் பாருங்கள். கழுத்தை வளைத்து, தலையைக் கவிழ்த்து, அலகை நீருக்குள் தலைகீழாக வைத்து இரையை வடிகட்டித் தின்னும். சாம்பல் நிறத்தில் இருப்பவை இளசுகள். இளஞ்சிவப்பு ஏற ஆண்டுகள் ஆகும். கரையோரச் சேற்றில் ஓடும் உள்ளான்களை இனம் பிரிப்பது புதியவர்களுக்குக் கடினம். முதல்முறை கூழைக்கடா, கரண்டிவாயன், ஆலா இவற்றை அடையாளம் கண்டாலே போதும்.

சேற்றில் மட்டும் இறங்க வேண்டாம். மேலே காய்ந்து வெடித்திருக்கும். அடியில் கால் புதையும்.

படி 6: வெயில் ஏறியபின்

உலர் பசுமைமாறாக் காட்டின் பாலை மரங்களுக்கிடையே, ராமரின் காலடித் தடம் இருப்பதாக நம்பப்படும் ராமர் பாதம் வரை போய்வாருங்கள். இந்தத் தட்டை நிலத்தில் அதுதான் மேடு. அங்கே தின்பண்டப் பையைத் திறந்தால் குரங்குகள் சூழ்ந்துகொள்ளும், எதுவும் கொடுக்காதீர்கள். குடிநீரை வரும்போதே எடுத்து வாருங்கள், காலிப் பாட்டிலைத் திரும்பக் கொண்டுபோங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.