நெரிட்டா நத்தைகளை இனம் பிரிப்பது: ஓட்டு வடிவமும் டி.என்.ஏவும் சேர்ந்து

தண்ணீர் வற்றும் நேரத்தில் சிங்கப்பூரின் லாப்ரடார் கடற்சுவரைப் பார்த்தால், கட்டைவிரல் நுனி அளவில் உருண்டை நத்தைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் நெரிட்டா. ஒரே கல்லில் இரண்டு மூன்று இனங்கள் கலந்து கிடக்கலாம். நிறத்தை நம்ப வேண்டாம். ஒரே இனத்திலேயே கறுப்பும் வரும், வரியும் வரும். பூங்காக்களிலும் இயற்கைக் காப்பகங்களிலும் உயிரினங்களைச் சேகரிக்க என்பார்க்ஸ் (தேசியப் பூங்காக் கழகம்) அனுமதி முன்கூட்டியே வேண்டும். கூம்பு நத்தை கண்ணில் பட்டால் தொடவே கூடாது, அதற்கு விஷம் உண்டு.

1. எண் கொடுங்கள். ஓடு, படம், சதைக் குப்பி மூன்றுக்கும் ஒரே எண். குப்பிக்குள் போடும் சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள். மார்க்கர் மை எத்தனாலில் கரைந்துவிடும்.

2. ஓட்டைப் படமெடுங்கள். பெரும்பாலான தவறு இங்கேதான். வாய்ப்பகுதி மேலே பார்க்க, ஒட்டுக்களிமண்ணில் நிறுத்தி, கேமராவை நேர் மேலே வையுங்கள். அளவுகோல் வாய்விளிம்பின் உயரத்தில் இருக்கட்டும்; மேசையில் வைத்தால் ஓடு உண்மையைவிடப் பெரிதாகக் கணக்காகும். ஒரே நத்தையை எடுத்து வைத்து, மறுபடி நிறுத்தி, ஐந்து படம் எடுத்துப் பாருங்கள். அந்த ஐந்துக்குள் வரும் வித்தியாசமே இனங்களுக்கு இடையிலான வித்தியாசம் அளவுக்கு இருந்தால், நிறுத்தும் முறை சரியில்லை.

படத்தில் புள்ளி குறிக்க உதவும் டிபிஎஸ்டிக் மென்பொருளில், எல்லா ஓட்டின் படத்திலும் அதே இடங்களில், ஒரே வரிசையில் புள்ளி வையுங்கள். நெரிட்டாவின் உச்சி தேய்ந்து போயிருக்கும், அங்கே ஊகித்து வைக்காதீர்கள். மார்ஃபோஜே என்ற மென்பொருள் அந்தப் புள்ளிகளிலிருந்து அளவையும் திசையையும் நீக்கி வடிவத்தை மட்டும் ஒப்பிடும். ஆனால் குஞ்சின் வடிவமே வேறு. வளர்ந்தவற்றை மட்டும் எடுங்கள்.

பத்து மடங்கு லென்ஸில் வாய்க்குள் இருக்கும் தட்டையான மேடையையும் பாருங்கள். நெரிட்டா அல்பிசில்லாவில் அது பொடிப் பொடிப் பருக்களாக இருக்கும்.

3. சதை எடுங்கள். நத்தை தன் வாயிலுள்ள மூடியால் இறுக மூடிக்கொள்வதால், முழு நத்தையை எத்தனாலில் போட்டால் உள்ளே அழுகும். பாதத்தில் 2–3 மி.மீ. துண்டு போதும், குடல் பக்கம் வேண்டாம், அது தின்ற பாசியின் டி.என்.ஏவும் கூட வரும். 95% எத்தனாலில் போட்டு, மறுநாள் மாற்றுங்கள். ஃபார்மலின் கூடவே கூடாது.

4. சி.ஓ.ஐ மரபணு. இனம் பிரிக்கப் பயன்படும் மைட்டோகாண்டிரிய மரபணு இது. பி.சி.ஆர் முறையில் இதைப் பல நகலாகப் பெருக்க வேண்டும். ஃபோல்மர் குழு 1994இல் வெளியிட்ட எல்சிஓ1490, எச்சிஓ2198 பிரைமர்கள் (பெருக்க வேண்டிய பகுதியின் இரு முனையையும் குறிக்கும் சிறு டி.என்.ஏ துண்டுகள்) போதும். 94°C 30 விநாடி, 48°C 45 விநாடி, 72°C 1 நிமிடம், 35 சுற்று. டி.என்.ஏ போடாத ஒரு குழாயும் கூடவே ஓடட்டும். ஜெல்லில் ஓட்டிப் பார்க்கும்போது டி.என்.ஏ பட்டை வரவில்லையா? முதல் சந்தேகம் நத்தையின் கோழை மேல்தான்: அதிலுள்ள சர்க்கரைப் பொருள்கள் பி.சி.ஆரைத் தடுக்கும். டி.என்.ஏவைப் பத்து மடங்கு நீர்த்துப் போட்டால் பல நேரம் வந்துவிடும். கிடைக்கும் 658 எழுத்துகளைப் புரதமாக மாற்றிப் பாருங்கள் (முதுகெலும்பிலிகளின் மைட்டோகாண்டிரியக் குறியீட்டில்). நடுவில் நிறுத்தக் குறி வந்தால் அது போலி நகலாகவோ வாசிப்புப் பிழையாகவோ இருக்கும். ஜென்பேங்க் என்ற பொது மரபணுத் தரவுத்தளம் சொல்லும் பெயரும் தவறாக இருக்கலாம்.

5. ஓட்டின் முடிவையும் டி.என்.ஏ முடிவையும் கடைசியில்தான் சேருங்கள். டி.என்.ஏ முடிவைப் பார்த்துவிட்டு ஓட்டில் புள்ளி வைத்தால், கை தானாகவே அந்தப் பக்கம் சாயும்.

ஓட்டில் இரண்டு கூட்டம், மரபணுவில் ஒன்று என்றால், இடத்தின் விளைவா என்று பாருங்கள். வட அட்லாண்டிக்கின் லிட்டோரினா சாக்ஸாட்டிலிஸ் நண்டு உள்ள கரையில் தடித்த ஓட்டோடும், அலை மோதும் பாறையில் சிறிய, அகன்ற வாயோடும் இருக்கும், இனம் ஒன்றுதான். மரபணுவில் இரண்டு, ஓட்டில் ஒன்று என்றால், உடனே புது இனம் என்று சொல்லிவிடாதீர்கள். சி.ஓ.ஐ தாய்வழி மட்டுமே வருவதால் இனக்கலப்பு நடந்திருந்தாலும் காட்டாது. 28எஸ் போன்ற உட்கருப் பகுதியையும் படியுங்கள். அதுவும் அதே இடத்தில் பிரிந்தால் பேசலாம்.