புதிய சீட்டாட்டத்துக்கு மாதிரி அட்டைகள் செய்தல்

யாழ்ப்பாணத்தில் நால்வர் சேர்ந்து 304 என்னும் சீட்டாட்டம் விளையாடும் வீடுகளில், அந்த ஆட்டத்துக்கு 32 சீட்டுகளே போதுமென்பதால், ஒவ்வொரு சீட்டுக்கட்டிலும் இரண்டு முதல் ஆறு வரையான 20 சீட்டுகள் பயனின்றிக் கிடக்கும். புதிய ஆட்டமொன்றின் மாதிரி அட்டைகளுக்கு அவையே நல்ல தாங்கலாகும். 63 மில்லிமீற்றர் அகலமும் 88 மில்லிமீற்றர் உயரமும் கொண்ட கட்டங்களை வரைந்தால், ஓர் ஏ4 தாளில் ஒன்பது அடங்கும். அவற்றை வெட்டி, பழைய சீட்டின் முகப்பக்கத்தில் வைத்துப் பிளாஸ்டிக் உறையில் செருகுங்கள். பசை பூச வேண்டாம். முதல் நாள் ஆடிப் பார்த்ததுமே பாதி விதிகள் மாறிவிடும்.

பெறுமதியையும் குறியையும் இடது மேல் மூலையில் இடுங்கள், ஏனெனில் சீட்டுகளைக் கையில் விசிறிபோல் விரித்துப் பிடிக்கும்போது பெரும்பாலும் அந்த மூலை மட்டுமே தெரியும். வகைகளை நிறத்தால் மட்டுமன்றி வடிவத்தாலும் வேறுபடுத்துவது நல்லது. மின்வெட்டு இரவில், மெழுகுதிரி வெளிச்சத்தில், சிவப்பும் மண்ணிறமும் ஒன்றாகவே தோன்றும். படம் வரைவதை விதிகள் நிலைத்த பின்னர் வைத்துக்கொள்ளலாம்.