அமில லைன் ஃபிளாஞ்சில் டெஃப்லான் பேக்கிங்: தேர்வும் பொருத்தும் முறையும்

கந்தக அமிலமோ ஃபார்மிக் அமிலமோ போகும் லைனில் ஃபிளாஞ்ச் (இரு குழாய்களை போல்ட் போட்டு இணைக்கும் வட்ட விளிம்பு) ஒழுகினால், “அமிலம் டெஃப்லானைத் தின்னுடுச்சு” என்று சொல்லி, அந்த விளிம்புகளுக்கு நடுவே வைக்கும் புதுப் பேக்கிங் வாங்க ஆளனுப்புவதை ராணிப்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகளில் பார்க்கலாம். டெஃப்லானை, அதாவது பிடிஎஃப்இ பிளாஸ்டிக்கை, இந்த இரண்டு அமிலமும் தொடவே தொடாது. அதன் கார்பன் சங்கிலியை ஃபுளூரின் அணுக்கள் நெருக்கமாக மூடியிருக்கின்றன; உருகிய சோடியம், சூடான ஃபுளூரின் வாயு போன்ற சிலதான் அதைத் தாக்கும். ஒழுகலின் காரணம் வேறு. அழுத்திப் பிடித்தால் இந்தப் பிளாஸ்டிக் மெல்லப் பிதுங்கி நகரும். பேக்கிங் மெலியும், போல்ட்டின் இறுக்கம் குறையும். சூடு ஏறினால் இன்னும் வேகமாக நடக்கும். கீழே சொல்வதில் பெரும்பகுதி அந்தப் பிதுங்கலை அடக்கத்தான்.

முதலில் சரக்கு அசல்தானா என்று எடை போட்டுப் பாருங்கள். 10 செ.மீ. சதுரம், 3 மி.மீ. கனமுள்ள கலப்பில்லாத டெஃப்லான் துண்டு சுமார் 65 கிராம் இருக்க வேண்டும். அதே அளவு நைலான் 34 கிராம்தான். வெள்ளையாக, வழவழப்பாக இருக்கும் பாலிஎத்திலீன் துண்டு தண்ணீரில் மிதக்கும். நைலானை ஃபார்மிக் அமிலம் கரைத்தே விடும், அந்த லைனில் அது நுழையவே கூடாது.

கலப்பில்லாத வெள்ளை டெஃப்லான் தாள்தான் (ஷீட்) அதிகம் பிதுங்கும். அமில லைனுக்குக் கண்ணாடி இழை 25 சதவீதம் கலந்த தாள் நன்றாக நிற்கும். ஆனால் ஹைட்ரோஃபுளூரிக் அமிலமும் சூடான காஸ்டிக் சோடாவும் கண்ணாடியை அரிக்கும். அங்கே பேரியம் சல்ஃபேட் கலந்த தாள் போடுங்கள். வெண்கலத் தூள் கலந்தது பேரிங்குக்குச் சரி, அமிலத்துக்கு வேண்டாம். ஃபிளாஞ்ச் முகம் சமமாக இருந்தால் 3 மி.மீ. தாளைவிட 1.5 மி.மீ. நல்லது. கனமான தாளில் பிதுங்க அதிகப் பொருள் இருக்கிறது, உள்ளழுத்தம் தள்ளும் ஓரமும் பெரிது.

லைனை நிறுத்தி, அழுத்தத்தை இறக்கி, தண்ணீரால் நன்றாகக் கழுவிய பிறகே போல்ட்டில் கை வையுங்கள். முகக்கவசம், அமிலம் தாங்கும் கையுறை, பக்கத்தில் ஓடும் தண்ணீர் மூன்றும் கட்டாயம். பழைய பேக்கிங்கை முழுதாகச் சுரண்டி எடுங்கள். உள்ளிருந்து வெளியே ஓடும் கீறல் ஒன்று இருந்தாலும் அமிலம் அந்த வழியே வந்துவிடும். போல்ட் மரைக்கும் நட்டின் அடிமுகத்துக்கும் கிரீஸ் தடவலாம். பேக்கிங்குக்குத் தடவவே கூடாது, வழுக்கிப் பிதுங்கும்.

இரு ஃபிளாஞ்சும் இணையாக நிற்கும்படி குழாயை முதலில் சரிசெய்யுங்கள். போல்ட்டை இறுக்கியே கோணலை நிமிர்த்தினால் பேக்கிங் ஒரு பக்கம் நசுங்கும். நட்டுகளைக் கையால் திருகிவிட்டு, எதிரெதிராக மாற்றி மாற்றி டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள்: பேக்கிங் தயாரிப்பாளர் சொன்ன அளவில் முதல் சுற்று 30 சதவீதம், அடுத்தது 60, பிறகு 100. கடைசியாக வரிசையாக ஒரு சுற்று. குறைந்தது நாலு மணி நேரம் விட்டு, அமிலம் விடுவதற்கு முன்பே, அதே அளவுக்கு மறுபடி இறுக்குங்கள். பலர் விட்டுவிடும் படி இதுதான், ஒழுகலும் பெரும்பாலும் இதனால்தான். லைன் சூடாகவோ அழுத்தத்திலோ இருக்கும்போது இறுக்காதீர்கள். ஒருமுறை நசுங்கிய பேக்கிங் திரும்பப் பயன்படாது.

கழற்றிய பேக்கிங்கே காரணத்தைச் சொல்லும். உள்வட்டம் துளைக்குள் பிதுங்கியிருந்தால் அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள். ஒரு பக்கம் மட்டும் மெலிந்திருந்தால் ஃபிளாஞ்ச் கோணல். வட்டம் முழுக்கச் சமமாக மெலிந்தும் ஒழுகியிருந்தால் மறு இறுக்கம் நடக்கவில்லை.

டெஃப்லானில் புஷ் (தண்டு சுழல உள்ளே பொருத்தும் உருளை வளையம்) கடைபவர்கள் வேலூரின் வெயிலைக் கணக்கில் கொள்ள வேண்டும். டெஃப்லான் இரும்பைவிடச் சுமார் பத்து மடங்கு விரியும்: 100 மி.மீ. நீளத் துண்டு 20 டிகிரி ஏற்றத்தில் கால் மி.மீ. அளவு நீளும். 19 டிகிரியில் அதன் படிக அமைப்பே மாறுவதால் அளவும் சட்டென மாறும். மார்கழி விடியற்காலையில் அளந்து கடைந்த புஷ் சித்திரையில் பிடித்துக்கொள்ளும். 23 டிகிரிக்கு மேல் அளந்து, இடைவெளி தாராளமாக விடுங்கள்.

டெஃப்லான் 260 டிகிரி வரை தொடர்ந்து தாங்கும். ஆனால் உருகினாலும் ஓடாது. தூளை அழுத்தி, சுட்டு, பிறகு கடைய வேண்டும். சிக்கலான வடிவத்துக்கு, டெஃப்லானின் உறவு பிளாஸ்டிக்குகளான, உருகி ஓடும் எஃப்இபி (200 டிகிரி) அல்லது பிஎஃப்ஏ (260 டிகிரி) எடுங்கள். பிவிடிஎஃப் என்ற இன்னொரு ஃபுளூரின் பிளாஸ்டிக் குழாய் விறைப்பானது, வெல்டும் ஆகும்; அடர்ந்த காஸ்டிக் சோடா அதில் விரிசல் விழ வைக்கும்.

உள்ளே டெஃப்லான் லைனிங் (உள்ளுறை) போட்ட இரும்புக் குழாயில் இருக்கும் சிறு காற்றுத் துளைகளைப் பெயிண்டால் அடைத்துவிடாதீர்கள். லைனிங் கிழிந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது அந்தத் துளைதான். அக்குழாயில் வெல்டிங்கும் கூடாது.

வெட்டிய துண்டுகளையும் கடைசல் சுருளையும் குப்பையோடு எரிக்காதீர்கள். எரியும் டெஃப்லானிலிருந்து ஹைட்ரஜன் ஃபுளூரைடும் நச்சு வாயுக்களும் வரும். கடையும் இடத்தில் பீடி, சிகரெட் கூடாது. விரலில் ஒட்டிய தூள் நெருப்பில் பட்டுப் புகையாக உள்ளே போனால், சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சலும் நெஞ்சிறுக்கமும் வரும்.